எலி ஒப்புக்கொண்ட பிறகு

மருந்தியல் கல்லூரி நூலகங்களில் முதுகலை ஆய்வேடுகள் அடுக்கியிருக்கும் அலமாரிக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றால் போதும், ஒரே கதை திரும்பத் திரும்ப வரும். விஸ்டார் இன எலிகளை ஆறாறாகப் பிரித்திருப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். இன்னொரு கூட்டத்துக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து ஈரலைக் கெடுப்பார்கள். மூன்றாவதுக்கு நஞ்சோடு சிலிமாரின் என்ற ஈரல் மருந்து. மீதிக் கூட்டங்களுக்கு நஞ்சோடு ஏதோ ஓர் இலையின் மெத்தனால் சாறு, குறைந்த அளவிலும் கூடிய அளவிலும். கடைசியில் ரத்தம் எடுத்து, ஈரல் சேதத்தைக் காட்டும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி பார்த்தால் இலைச்சாறு குடித்த எலிக்கு இரண்டும் இறங்கியிருக்கும். இச்செடியின் மரபுவழிப் பயன்பாடு அறிவியல்பூர்வமாக நிறுவப்பட்டது என்று முடிவுரை எழுதுவார்கள். பாட்டி சொன்னதை எலி ஒப்புக்கொண்டது, பட்டமும் கிடைத்தது.

இதில் பொய் எதுவும் இல்லை. கார்பன் டெட்ராகுளோரைடு தானாக ஈரலைக் கெடுப்பதில்லை. ஈரலில் இருக்கும் ஒரு நொதி அதை உடைக்கும்போது பிறக்கும் தனி உறுப்புதான் (ஃப்ரீ ராடிக்கல்) செல்சவ்வின் கொழுப்பைப் பிடித்து எரிக்கிறது. ஆகவே அந்த நொதியைச் சற்று மந்தப்படுத்துகிற எதுவும், எரிப்பைத் தணிக்கிற எதுவும் எலியின் ஈரலைக் காப்பாற்றும். துவர்ப்பும் கசப்பும் உள்ள இலைகள் பலவற்றுக்கு இந்தக் குணம் உண்டு. ஆனால் நம் ஊர் மருத்துவமனைகளில் ஈரல் கெட்டுப் படுத்திருப்பவர்களில் எத்தனை பேர் கார்பன் டெட்ராகுளோரைடு குடித்து வந்தவர்கள்? சாராயம், வைரஸ், கொழுப்பு ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் ஈரலைக் கெடுக்கின்றன. மூன்றும் மூன்று வழியில் கெடுக்கின்றன. எலிக்கு வந்தது வேறு நோய்.

கடந்த நூறாண்டு மூலிகை ஆய்வை மொத்தமாகப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: செடி வேலை செய்கிறது என்று காட்டப் புறப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் அதைக் காட்டியதோடு நின்றுவிட்டன. செடி உடம்புக்குள் எதைத் தொடுகிறது என்று துரத்திப் போனவை, நோய் என்பது உள்ளே எப்படி நடக்கிறது என்பதையே சொல்லிக்கொடுத்தன. இரண்டு வகைக்கும் நம் கொல்லையிலேயே உதாரணம் கிடக்கிறது.

*

சிவன் அமல்பொடி என்று தமிழிலும் சர்ப்பகந்தா என்று பொதுவாகவும் சொல்லப்படும் சின்னச் செடியின் வேரைச் சித்தப் பிரமைக்கும் தூக்கம் வராததற்கும் பாம்புக்கடிக்கும் கொடுத்துவந்தார்கள். 1931-ல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், இந்த வேர் பைத்தியத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து என்று ஓர் இந்திய மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு தில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திகி வேரிலிருந்து சில காரப்பொருட்களைப் பிரித்து, ஒன்றுக்குத் தம்மை ஆதரித்த ஹகீம் அஜ்மல் கானின் பெயரால் அஜ்மலின் என்று பெயரிட்டார். (இதய மின்னோட்டக் கோளாறு ஒன்றைக் கண்டுபிடிக்க இன்றும் சில நாடுகளில் அஜ்மலின் ஊசிதான் போட்டுப் பார்க்கிறார்கள்.) 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்த அழுத்தக்காரர்கள் 50 பேருக்கு வேரைக் கொடுத்துப் பார்த்து, பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார். அதன்பிறகே மேற்குநாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் சீபா நிறுவன வேதியியலாளர்கள் முக்கியப் பொருளைப் பிரித்தெடுத்து ரெசர்பின் என்றார்கள்.

இத்துடன் நின்றிருந்தால் ஒரு நல்ல மாத்திரையின் கதை. அமெரிக்காவின் பெதெஸ்டாவில் பெர்னார்ட் பிராடியின் ஆய்வகம் வேறு கேள்வி கேட்டது: இது மூளையில் எதை மாற்றுகிறது? ரெசர்பின் கொடுத்த விலங்குகளின் மூளையில் செரட்டோனின் என்ற செய்திப் பொருள் வற்றிப்போவதை 1955-ல் கண்டார்கள். அந்த ஆய்வகத்தில் சிலகாலம் இருந்துவிட்டு ஸ்வீடனுக்குத் திரும்பிய ஆர்விட் கார்ல்சன், நார் அட்ரினலினும் வற்றுகிறது என்று காட்டினார். ரெசர்பின் ஊசி போட்ட முயல் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடும். அதற்கு 1957-ல் எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் முயல் எழுந்து நடமாடியது. எல்-டோபா உடம்பில் டோபமைனாக மாறுகிறது. அதுவரை நார் அட்ரினலின் உண்டாகும் வழியில் ஒரு படிக்கட்டு என்றே கருதப்பட்ட டோபமைன், தனக்கென்று மூளையில் ஓர் உத்தியோகம் வைத்திருக்கிறது என்பது இப்படித்தான் வெளிவந்தது. ரெசர்பின் மிகுந்தவர்களுக்குக் கைநடுக்கமும் விறைப்பும் வருவதை மருத்துவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். 1960-ல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகேவிச்சும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்தபோது, அசைவுகளை ஆளும் பகுதியில் டோபமைன் வற்றிக் கிடந்தது. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு.

பின்னால் ரெசர்பின் தடுப்பது எதை என்பதும் தெளிந்தது. நரம்பணு தன் செய்திப் பொருட்களைச் சிறுசிறு பைகளில் அடைத்து வைத்திருக்கும். பைக்குள் சரக்கை ஏற்றும் இயந்திரத்தை ரெசர்பின் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஏற்றாத சரக்கு வெளியே கிடந்து நொதிகளுக்கு இரையாகிறது. ரத்த அழுத்தத்துக்கு ரெசர்பினை இன்று யாரும் எளிதில் எழுதித்தருவதில்லை. ஆனால் அதே இயந்திரத்தைத் தொடும் டெட்ராபெனசின், ஹண்டிங்டன் நோயாளிகளின் கட்டுக்கடங்காத அசைவுகளை அடக்கப் பயன்படுகிறது. வேர் போய்விட்டது, வேர் காட்டிய இடம் இருக்கிறது.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லும்போது கொஞ்சம் ஆதங்கமும் வரத்தான் செய்கிறது. 1937-ல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். வேலிகளில் படர்ந்து, காயைத் தொட்டவர் கையெல்லாம் அரிப்பெடுக்க வைக்கும் அதே கொடி. ஐரோப்பாவில் ஒருவகை மொச்சையிலிருந்து 1913-லேயே இப்பொருளை எடுத்திருந்தார்கள் என்றாலும், பூனைக்காலி விதையில் அது நூற்றுக்கு நாலைந்து பங்கு இருக்கிறது. செடிகளில் இது அபூர்வமான சேமிப்பு. நடுக்கு வாதத்துக்கு ஆயுர்வேதம் இந்த விதையைக் கொடுத்துவந்தது. ஆக, நோயின் பெயரும் இருந்தது, மருந்தின் பெயரும் இருந்தது, உள்ளிருக்கும் பொருளும் கையில் இருந்தது. இருபது ஆண்டுகள் அது கிடந்தது. டோபமைன் என்ன செய்கிறது என்பது தெரியாததால் விதையையும் நோயையும் இணைக்கும் கண்ணி இல்லை. அந்தக் கண்ணியை முயலுக்குக் கொடுத்த இன்னொரு இந்திய வேர் தந்தது என்பதைக் காலத்தின் குறும்பு என்றே சொல்ல வேண்டும்.

வேர் தவறான பாடமும் சொல்லிக்கொடுத்தது. ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர் மனம் இடிந்துபோனார்கள். மூளையில் செய்திப் பொருள் குறைந்தால் மனச்சோர்வு வரும் என்ற கோட்பாடு 1960-களில் எழுந்ததற்கு இது முக்கியச் சான்றாக இருந்தது. பின்னால் பழைய நோயாளிக் குறிப்புகளைத் திரும்ப ஆராய்ந்தபோது அந்தச் சான்று எண்ணியதைவிட மெலிந்ததாக இருந்தது. நோயின் இயங்குமுறையை மருந்திலிருந்து பின்னோக்கி ஊகிப்பது எப்போதும் சரியாக வராது. தலைவலிக்கு மாத்திரை கேட்கிறது என்பதால் உடம்பில் மாத்திரை குறைந்துதான் தலைவலி வந்தது என்று ஆகாதே.

*

சுடுகாட்டு மல்லி என்று பெயர் வைத்து வீட்டு வாசலில் நடத் தயங்குகிற நித்தியகல்யாணியின் கதை பலருக்குத் தெரியும். பாதிதான் தெரியும். செடியின் தாயகம் மடகாஸ்கர். 1952-ல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஓர் உறையில் 25 இலைகள் வந்தன. அங்கே நீரிழிவுக்கு இதன் கஷாயத்தைக் குடிக்கிறார்கள் என்று குறிப்பு. வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். சர்க்கரை அசையவில்லை. ஊசியாக ஏற்றிப் பார்த்தபோது எலிகள் சில நாட்களில் செத்தன. நம் அலமாரி ஆய்வேட்டில் இது தோல்வி. இன்னொரு செடியைத் தேடிப் போயிருப்பார்கள். நோபிள் ஏன் செத்தன என்று பார்த்தார். கிருமித் தொற்று. ஏன் தொற்று? வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. ஏன் சரிந்தன? எலும்பு மஜ்ஜை வெறிச்சோடியிருந்தது. வேகமாகப் பெருகும் வெள்ளையணுவைக் கொல்கிற ஒன்று, அது பித்துப்பிடித்துப் பெருகும் ரத்தப் புற்றையும் கொல்லுமே! சார்லஸ் பியருடன் சேர்ந்து வின்பிளாஸ்டினைப் பிரித்து 1958-ல் அறிவித்தார். எலை லில்லி நிறுவனத்தின் வின்கிறிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கான கூட்டு மருந்துகளில் அது இன்றும் இருக்கிறது.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நூல்கள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. வின்கிறிஸ்டின் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு நூல் நீளவிடாமல் செய்கிறது. செல் பாதியில் நின்று சாகிறது. நரம்பின் நீண்ட இழைகளுக்குள்ளும் இதே நூல்கள்தான் தண்டவாளம். அதனால்தான் இந்த மருந்து ஏறும் பிள்ளைகளுக்குக் கால் மரத்துப்போகிறது. பக்கவிளைவு என்று தனியே ஒன்று இல்லை. அதே வேலை வேறிடத்தில் நடக்கிறது.

ஆராய்ச்சியில் கேள்வி மட்டும் போதாது, செய்முறையைப் படிக்கவும் தெரியவேண்டும். மலேரியாவுக்காக 1967 மே 23-ல் சீனா தொடங்கிய ரகசியத் திட்டத்தில் து யூயூ என்ற ஆய்வாளரின் குழு நூற்றுக்கணக்கான மூலிகைகளைச் சோதித்தது. மாசிபத்திரியின் உறவான ஒரு செடி ஒருமுறை பலன் தந்தது, மறுமுறை தரவில்லை. கி.பி. நான்காம் நூற்றாண்டின் கே ஹோங் எழுதிய கைநூலைத் திரும்பப் படித்தபோது, இலையைக் கொதிக்கவைக்கச் சொல்லாமல் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழியச் சொல்லியிருந்தது அவர் கண்ணில் பட்டது. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ? குறைந்த வெப்பத்தில் ஈதரால் எடுத்த 191-ஆம் மாதிரி, 1971 அக்டோபரில் எலி மலேரியாவை முழுக்கத் துடைத்தது. அதற்குள் இருந்த ஆர்டிமிசினின் என்ற பொருளில் இரண்டு ஆக்சிஜன்கள் கைகோத்த ஒரு பாலம் இருக்கிறது. மலேரியாக் கிருமி நம் ரத்தச் சிவப்பைத் தின்று இரும்பை வெளிவிடும். அந்த இரும்பு பட்டதும் பாலம் வெடித்துக் கிருமியின் புரதங்களை அழிக்கிறது. கிருமி எதைத் தின்கிறதோ அதுவே திரி.

நம் சித்த நூல்களும் சாறு, கற்கம், குடிநீர், சூரணம், பற்பம் என்று எதை எப்படிச் செய்வது, எந்தத் துணைமருந்தில் கொடுப்பது என்று பிரித்துப் பிரித்துச் சொல்கின்றன. அரைத்து மோரில் கொடு என்று இருப்பதை மெத்தனாலில் ஊறவைத்து, காயவைத்து, எலியின் தொண்டையில் குழாய் வழியே இறக்கிவிட்டு, மரபை நிறுவிவிட்டோம் என்று எழுதுவதில் எந்த மரபு நிறுவப்பட்டது என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

*

மோர் என்றதும் கீழாநெல்லி. தமிழ்நாட்டில் மூலிகை ஆய்வின் உச்சமும் சறுக்கலும் இந்த ஒரு செடியில் இருக்கின்றன.

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி; இதற்கு வைத்தியரே வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் பறித்துக்கொண்டு வந்துவிடுவார். ஆனால் மஞ்சள் காமாலை ஒரு நோயல்ல, கண்ணில் தெரியும் ஓர் அடையாளம். அசுத்தத் தண்ணீரில் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வைரஸ்களால் வந்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாக வடிந்துவிடும். அந்த வாரங்களில் யார் எதைக் கொடுத்தாலும் பெயர் அவருக்கே. கீழாநெல்லிக்குப் பெயர் வந்ததில் இதற்கும் பங்கு இருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள ஆளுண்டு, ஆனால் கணக்கு அப்படித்தான் நிற்கிறது.

ஹெபடைட்டிஸ் பி வேறு கதை. ரத்தத்திலும் பிரசவத்திலும் பரவி, சிலருக்கு ஆயுள் முழுக்க ஈரலில் தங்கி, ஈரல் சுருக்கத்துக்கும் புற்றுக்கும் இட்டுச்செல்லும் வைரஸ். இதன் மேற்புற ஆன்டிஜெனைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க், பிலடெல்பியாவில் இந்த வைரஸுக்கு மூலிகைகளில் மருந்து தேடினார். அவருடன் வேங்கடேஸ்வரனும் மில்மனும் 1987-ல் வெளியிட்ட கட்டுரை, கீழாநெல்லியின் நீர்ச்சாறு வைரஸின் டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியைத் தடுக்கிறது, மேற்புற ஆன்டிஜெனோடும் ஒட்டிக்கொள்கிறது என்று சோதனைக் குழாயில் காட்டியது. இதே போன்ற வைரஸைச் சுமக்கும் வுட்சக் என்ற அமெரிக்க வளைவிலங்குக்கு ஊசியாகக் கொடுத்தபோதும் பலன் தெரிந்தது. கார்பன் டெட்ராகுளோரைடு எலியோடு ஒப்பிட்டால் எவ்வளவு தூரம் தள்ளி வந்துவிட்டோம் பாருங்கள்: நோயும் அதே நோய், இலக்கும் வைரஸின் உறுப்பு.

சென்னை தரமணியில் உள்ள பல்கலைக்கழக மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் எஸ்.பி. தியாகராஜனின் குழு மனிதர்களில் சோதித்தது. வைரஸைச் சுமப்பவர்களுக்கு 200 மில்லிகிராம் பொடி, நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். 1988-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: மருந்து உண்டவர்கள் 37 பேரில் 22 பேருக்கு மேற்புற ஆன்டிஜென் மறைந்திருந்தது, வெற்றுப்பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். நூற்றுக்கு 59. உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் இன்னும் சில இடங்களிலும் செய்து பார்த்தார்கள். அந்த மறைவு மீண்டும் வரவில்லை. 2011-ல் காக்ரேன் குழு எல்லாச் சோதனைகளையும் திரட்டிப் பார்த்து, நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றே முடித்தது. என்ன நடந்தது? செடி மாறியிருக்கலாம் என்று ஒரு பதில் சொல்லப்பட்டது. அது வெறும் சாக்கல்ல. 1987 கட்டுரையின் தலைப்பிலேயே செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியாவில் அந்தப் பெயரில் வழங்கியது ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்று பின்னர் திருத்தினார்கள். நாட்டு மருந்துக் கடையில் கீழாநெல்லி என்று கேட்டால் இலைக்குக் கீழே காய் தொங்கும் மூன்று நான்கு இனங்கள் ஒரே கட்டில் கலந்து வரும். மண், பருவம், காயவைத்த விதம் என்று மற்றதெல்லாம் அதற்குமேல்.

எனக்கு இன்னொரு காரணம் கனமாகத் தெரிகிறது. அது நோயின் உள்ளமைப்பில் இருக்கிறது. இந்த வைரஸ் ஈரல் செல்லின் உட்கருவுக்குள் தன் டிஎன்ஏவை மூடிய வளையமாகச் சுருட்டி வைத்துவிடுகிறது. அந்த வளையத்திலிருந்து ஆன்டிஜென் ஓயாமல் அச்சாகும். இன்று கொடுக்கும் டெனோபோவிர், என்டெகாவிர் போன்ற வலுவான மருந்துகள் பாலிமரேஸை அநேகமாக முழுக்க அடக்குகின்றன. வைரஸ் எண்ணிக்கை தரைக்கு வருகிறது. அப்படியும் வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களில் மிகச் சிலருக்கே மேற்புற ஆன்டிஜென் மறைகிறது, ஏனென்றால் வளையத்தை யாரும் தொடவில்லை. பாலிமரேஸைத் தடுக்கும் ஒரு பொடி 30 நாளில் பாதிப்பேருக்கு மேல் ஆன்டிஜெனை நீக்குவது இப்போது தெரிந்த இயங்குமுறையோடு பொருந்தவே இல்லை. 1988-ல் இது இவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஆகவே அந்த ஆய்வாளர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமை குறைவு. அவர்கள் கட்டுப்பாட்டுக் குழு வைத்து, எண்ணி, எல்லாரும் சோதித்துப் பார்க்கும்படி வெளியிட்டார்கள். அதனால்தான் தவறு என்றால் தவறு என்று கண்டுபிடிக்க முடிந்தது.

கதை அங்கே தீர்ந்துபோகவும் இல்லை. 1990-களின் நடுவில் செல் வளர்ப்பில் செய்த ஆய்வுகள், கீழாநெல்லிச் சாறு வைரஸ் மரபணு வாசிக்கப்படுவதையே குறைக்கிறது, வைரஸின் ஊக்கிப் பகுதியில் ஈரலின் சில புரதங்கள் வந்து உட்கார்வதைத் தடுக்கிறது என்று காட்டின. வளையத்தை அழிக்க முடியாவிட்டால் ஊமையாக்கலாமா என்பது இன்று இந்நோயின் ஆய்வில் உயிருள்ள கேள்வி. கீழாநெல்லி அதற்கு விடையா என்றால் தெரியாது. கேள்வியின் வாசலில் ஒருமுறை நின்றிருக்கிறது.

*

மஞ்சளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அளவுக்கு மேல் சொல்லப்பட்டுவிட்டது. மஞ்சளின் குர்குமின், செல்லின் அழற்சிப் பொத்தானான என்எஃப்-கப்பாபியை அணைக்கிறது என்று 1995-ல் வந்த பிறகு, குர்குமின் தொடாத நோய் இல்லை என்றாகிவிட்டது: புற்று, மறதி, மூட்டுவலி, சர்க்கரை. ஒரு சாவி எல்லாப் பூட்டையும் திறக்கிறது என்றால் சாவியைப் பாராட்டுவதற்கு முன் பூட்டுகளைச் சந்தேகிக்க வேண்டும். குர்குமின் புரதங்களோடு கண்டபடி வினைபுரியும்; உலோகத்தைப் பிடிக்கும்; செல்சவ்வைக் குலைக்கும்; தானே ஒளிரும் மஞ்சள் என்பதால் ஒளியை அளந்து முடிவு சொல்லும் சோதனைகளை ஏமாற்றும். உடம்பின் காரநிலையில் நிமிடங்களில் சிதையும். குடலில் சொற்பமே ஏறும். 2017-ல் வேதியியலாளர்கள் குழு ஒன்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளுக்குப் பிறகும் இருபுறமும் மறைத்துச் செய்த சோதனை எதிலும் குர்குமின் வென்றதில்லை என்று எழுதியது. அதை மறுத்தவர்களும் உண்டு. மூட்டுவலியில் சிறிய ஆய்வுகள் சில நம்பிக்கை தருகின்றன என்பது அவர்கள் வாதம்.

1998-ல் பெங்களூரில் செய்த ஒரு சோதனை, மிளகின் பிப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு கூடுவதாகக் காட்டியது. நம் பாட்டிமார் மஞ்சளோடு மிளகு போட்டது இதற்காகத்தான் என்று உடனே வாட்ஸாப்பில் வந்துவிட்டது. ஈரலும் குடலும் அந்நியப் பொருளை வெளியேற்ற வைத்திருக்கும் கதவைப் பிப்பரின் சாத்துகிறது. சாத்திய கதவு மற்ற மாத்திரைகளுக்கும் சாத்தியதுதான். உறிஞ்சலைக் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் கெட்டவர்களை அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று 2022-ல் பட்டியலிட்டது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தக் கவலை இல்லை. குழம்பு மஞ்சளில் ஏறாதிருப்பதே ஒருவேளை அதன் நன்மை.

*

இதுவரை சொன்னவற்றில் செடி மருந்தாக நின்றது. செடியே நோயாக நின்ற ஒரு கதையும் இருக்கிறது. மூலிகை ஆய்வைப் பற்றிப் பேசுபவர்கள் அதை அதிகம் எடுப்பதில்லை.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில் இளம் பெண்கள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். எல்லாரும் உடல் இளைக்க ஒரே மருத்துவ நிலையத்தில் மாத்திரை சாப்பிட்டவர்கள். அதில் சேரவேண்டிய ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயரொப்புள்ள வேறொன்று, அரிஸ்டோலோக்கியா இனத்தது, வந்து சேர்ந்திருந்தது. 1993-ல் விவரம் வெளியானது. பாதிக்கப்பட்டவர்கள் 100-ஐத் தாண்டினார்கள். சில ஆண்டுகளில் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று வந்தது.

அந்தச் சிறுநீரகத் திசுவின் சிதைவு, டான்யூப் ஆற்றின் கிளைகளை ஒட்டிய பால்கன் கிராமங்களில் பல பத்தாண்டுகளாகக் காரணம் தெரியாமல் குடும்பங்களை அழித்துவந்த நோயை அப்படியே ஒத்திருந்தது. அங்கே கோதுமை வயல்களில் அரிஸ்டோலோக்கியா களையாக வளர்ந்து, அதன் விதை கதிரோடு அறுவடையாகி மாவில் கலந்திருந்தது. ஆய்வகம் இதைக் கைரேகையோடு பிடித்தது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரக செல்லில் மாற்றமடைந்து டிஎன்ஏவில் அடினின் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. செல் பிரதியெடுக்கும்போது அந்த இடத்தில் அடினினுக்குப் பதில் தைமின் விழுகிறது. இயற்கையில் அபூர்வமான இந்த மாற்றம் புற்றின் மரபணுவில் நூற்றுக்கணக்கில் கிடந்தால், ஆள் என்ன சாப்பிட்டார் என்று கேட்கவே தேவையில்லை. 2017-ல் தைவானின் ஈரல் புற்று மாதிரிகள் 98-ஐப் படித்தபோது, அவற்றில் நூற்றுக்கு 78-ல் அதே ரேகை இருந்தது.

இங்கே நமக்கும் வேலை இருக்கிறது. ஆடுதீண்டாப்பாளையும் பெருமருந்துக்கொடி எனும் ஈஸ்வரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியாக் குடும்பம். ஆடு தீண்டாததை மனிதன் தீண்டினான். வழிவழியாகச் சாப்பிட்டுவந்தோமே, யாருக்கு என்ன ஆயிற்று என்பதே மூலிகைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம். வாந்தி, பேதி, மயக்கம் என்று அன்றே காட்டுகிற நஞ்சை அந்த அனுபவம் கண்டுபிடித்துவிடும். சாப்பிட்டு இருபது முப்பது ஆண்டுகள் கழித்து வரும் புற்றை எந்த வைத்தியரின் ஞாபகமும் இலையோடு முடிச்சுப்போட முடியாது. பால்கன் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகத் தம் ரொட்டியையே சந்தேகிக்கவில்லை.

டெங்குக் காலங்களில் நிலவேம்புக் குடிநீரைச் சுற்றி நடக்கும் சண்டையும் இதே இடத்தில்தான் இடறுகிறது. 2012-க்குப் பிறகு அரசே அதை வழங்கியது; 2017-ல் சமூக ஊடகங்களில் பெரிய வாக்குவாதம் நடந்தது. டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் சரிந்து, காய்ச்சல் விட்ட சில நாளில் தாமாக ஏறும். நிலவேம்பு, பப்பாளி இலை எதைக் கொடுத்தாலும் எண்ணிக்கை ஏறும் நாள் ஏறும். ஆளைக் கொல்வது தட்டணுக் குறைவைவிட, ரத்தக்குழாய்ச் சுவர் நெகிழ்ந்து நீர் கசிவதுதான். நிலவேம்பு அந்தக் கசிவை என்ன செய்கிறது என்று கேட்பதே பொருத்தமான ஆய்வு. சோதனைக் குழாயில் வைரஸ் குறைந்தது என்ற ஆய்வுகள் இருக்கின்றன; கசிவைப் பற்றி இரு கட்சியும் பேசக் காணோம்.

*

கடைசியாகச் செங்காந்தள், தமிழ்நாட்டின் அரசு மலர். அதன் கிழங்கும் விதையும் கொல்சிசின் நஞ்சு நிறைந்தவை. சேப்பங்கிழங்கு, வள்ளி என்று தவறாக வேகவைத்துத் தின்று இறந்தவர்கள் இங்கும் இலங்கையிலும் உண்டு. ஐரோப்பாவில் வேறொரு பூவின் கிழங்கிலிருந்து 1820-ல் கொல்சிசினைப் பிரித்தார்கள். கீல்வாதத்துக்கு அது பழைய மருந்து. 1967-ல் சிகாகோவில் போரிஸியும் டெய்லரும் கதிரியக்கம் ஏற்றிய கொல்சிசினைச் செல்களில் விட்டு, அது போய் ஒட்டிக்கொண்ட புரதத்தைத் தேடிப் பிடித்தார்கள். அதுதான் பின்னால் டியூபுலின் என்று பெயர்பெற்றது. மேலே நித்தியகல்யாணியின் இலக்கு என்று சொன்னது, இந்தக் கிழங்கு நஞ்சைத் தூண்டிலாகப் போட்டதால் கிடைத்த மீன். அதற்கு முன்பே 1956-ல் ஸ்வீடனில் ட்ஜியோவும் லெவனும் மனிதனுக்குக் குரோமோசோம்கள் 48 அல்ல 46 என்று எண்ணிச் சொன்னபோது, செல் பிரிவைப் பாதியில் நிறுத்தி எண்ணக் கைகொடுத்ததும் கொல்சிசின்தான்.

கீல்வாதத்தில் அது வலியைத் தணிப்பது, யூரிக் அமிலப் படிகத்தை நோக்கி ஓடும் வெள்ளையணுவின் கால்களைக் கட்டிப்போடுவதால். மாரடைப்பும் ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிகத்தைச் சுற்றிய வெள்ளையணுக்களின் அழற்சியாக இருக்குமோ? இந்த ஊகத்தோடு நாளுக்கு 0.5 மில்லிகிராம் கொல்சிசினை 2019-ல் மாரடைப்பு வந்தவர்கள் 4,745 பேரிடமும், 2020-ல் நாள்பட்ட இதய நோயாளிகள் 5,522 பேரிடமும் சோதித்தார்கள். இரண்டிலும் அடுத்த தாக்குதல்கள் குறைந்தன. 2023-ல் அமெரிக்கா அனுமதித்தது. 2024-ல் 7,062 பேரிடம் செய்த சோதனையில் பலன் தெரியவில்லை. மாரடைப்பில் அழற்சி எஜமானனா, வேலைக்காரனா என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது.

அந்த வழக்கின் ஒரு முனை மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காடுகளில் இருக்கிறது. கம்பியில் படர்ந்த கொடிகளில் ஐப்பசி வாக்கில் பூ விரிந்ததும், காலை வேளையில் ஆட்கள் வரிசை வரிசையாகப் போய் மகரந்தத்தைக் கையால் எடுத்துச் சூல்முடியில் ஒத்துகிறார்கள். விட்டுவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது. காய் முற்றி விதையானதும் கிலோக்கணக்கில் விலைபேசி வெளிநாட்டுக்குப் போகும். விலை எந்த ஆண்டு ஏறும், எந்த ஆண்டு விழும் என்று விதைத்தவருக்குத் தெரிவதில்லை. அங்கே யாரும் அதைச் செங்காந்தள் என்று சொல்வதுமில்லை. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் அது கண்வலிக்கிழங்கு.